இறக்கை எல்லாம் 29 மீட்டர்: தீவுகளில் பழைய விமானம் தேடிய கதை

சேலத்தில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். பகலெல்லாம் யாருடைய மனையையாவது மூலைக்கு மூலை அளந்துகொண்டிருப்பேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு அதே கணினியில் ஏதோ ஒரு கடலுக்கு நடுவில் இருக்கும் தீவின் ஓடுபாதையை அளப்பேன். தீவு விமானத்தளங்களில் கைவிட்டுப் போன பழைய விமானங்களைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுவதுதான் போன கோடையிலிருந்து எனக்கும் என் அக்கா மகனுக்கும் வேலை.

ஆரம்பித்து வைத்தது அவன்தான். அக்கா வீடு ஏற்காட்டில். மே மாதம் அங்கே போயிருந்தபோது, மதியம் மேகம் இறங்கி எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் கேட்டான்: "ஏரோப்ளேன் எல்லாம் பழசானா எங்க மாமா போகும்?"

பெரிய நாடுகளில் உடைத்து, அலுமினியத்தை எடைக்குப் போட்டுவிடுவார்கள் என்றேன். சின்னத் தீவில் அப்படி முடியாது. உடைக்க ஆள் வேண்டும், ஏற்றிப் போகக் கப்பல் வேண்டும். பழைய இரும்புக் கணக்கில் கிடைக்கும் காசைவிடக் கப்பல் கூலி அதிகம். அதனால் ஓடுபாதையின் ஓரத்துக்குத் தள்ளி விட்டுவிடுவார்கள், உப்புக் காற்று மெல்ல அரிக்கும். சொல்லிக்கொண்டே செயற்கைக்கோள் படம் பார்க்கும் கூகுள் எர்த் ப்ரோ நிரலைத் திறந்தேன். அன்று மூடும்போது இரவு பன்னிரண்டு மணி.

முதல் வாரம் வெறும் வேடிக்கைதான் பார்த்தோம். வெள்ளையாக, நீளமாக எது தெரிந்தாலும் அவன் "ப்ளேன்" என்பான். நான் "கூரை" என்பேன். இருவரிடமும் ஆதாரம் கிடையாது. அளக்கத் தெரிந்தவன் நான், அளக்காமல் சண்டை போடுவது எனக்கே பொறுக்கவில்லை. சரி, முதலில் நம் ஊரில் பழகுவோம் என்று முடிவு செய்தேன்.

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. 1993இல் திறந்தார்கள். நடுவில் பல வருடம் விமானமே வரவில்லை. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் சென்னைக்கு மறுபடி சேவை தொடங்கியது. கூகுள் எர்த் ப்ரோவில் பழைய தேதிப் படங்களைப் பார்க்க ஒரு நழுவுபட்டை உண்டு. அதைப் பின்னால் இழுத்தால் விமானம் நிற்கும் தளம் காலியாக, வெறும் சாம்பல் நிறச் சதுரமாகத் தெரியும். முன்னால் இழுக்க இழுக்க ஒரு படத்தில் அங்கே ஏ.டி.ஆர். 72 என்ற பயணிகள் விமானம் ஒன்று நிற்கிறது.

எங்களுக்கு அளவுகோல் அந்த ஏ.டி.ஆர்.தான். அதன் இறக்கை முனைக்கு முனை 27.05 மீட்டர், நீளம் 27.17 மீட்டர். ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல இருக்கும். உண்மை அளவு தெரிந்த பொருள் ஒன்று கையில் இருந்தால், நம் கை எவ்வளவு தப்பும் என்பது தெரிந்துவிடும். முதல் முறை இறக்கையை அளந்தபோது எனக்கு 26.2 வந்தது. முனைகள் மங்கலாகத் தெரிவதால் உள்ளே தள்ளிப் புள்ளி வைத்திருக்கிறேன். பையனுக்கு 28 வந்தது. ஒரு அளவை நாலு முறை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் புள்ளி வைத்து அளந்து, சராசரி எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். அதற்கப்புறம் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் பிசகு அடங்கியது.

அளக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். திரை சாய்ந்திருந்தால் எல்லா அளவும் கெட்டுப்போகும். ஆர் விசையை ஒருமுறை தட்டினால் பார்வை நேர் மேலிருந்து, வடக்கு மேலே இருக்கும்படி வந்துவிடும். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் அதைத் தட்டுவது எங்களுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

பழகியது போதும் என்று தீவுகளுக்குப் போனதும் ஒரு சிக்கல் வந்தது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். தேடுகிறவர்கள் முதலில் இறக்கையைத்தான் அளப்பார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் அளவுப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து டகோட்டா, அதாவது டிசி-3, இறக்கை 29 மீட்டர். சோவியத் சரக்கு விமானம் ஆன்டனோவ் ஆன்-26, இறக்கை 29.2. பிரிட்டிஷ் ஜெட் டிரைடென்ட், 29.9. பழைய போயிங் 737-200, 28.3. நாலும் வேறு வேறு ரகம். ஒரு மீட்டர் பிசகும் கையை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்கவே முடியாது.

இரண்டு நாள் யோசித்தேன். தீர்வு என் மேசையிலேயே இருந்தது. பழைய வரைபடத்தின் நகல் ஒன்று வரும், அளவுவிகிதம் அழிந்திருக்கும். அப்போது நாங்கள் அறையின் நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்ப்போம். நகல் சுருங்கினாலும் விரிந்தாலும் அந்த எண் மாறாது. விமானத்துக்கும் அதையே செய்தேன். நீளத்தை இறக்கையால் வகுத்தால் டகோட்டாவுக்கு 0.68, ஆன்-26க்கு 0.81, ஏ.டி.ஆருக்கு 1, 737-200க்கு 1.08, டிரைடென்டுக்கு 1.17. இறக்கையில் ஒட்டிக்கொண்டு நின்ற நாலும் இங்கே தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. படத்தின் அளவுகோல் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் இந்த எண் தப்பாது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஏற்காட்டுக்குப் போன் போட்டு அவனிடம் சொன்னேன். அவன் பட்டியலைக் கணினியில் ஏற்றி, இரண்டு அளவைக் கொடுத்தால் எந்த விமானம் என்று காட்டும்படி செய்துவிட்டான்.

முதல் உண்மையான சோதனைக்கு எடுத்த இடம் சைப்ரஸ். நிக்கோசியா பன்னாட்டு விமான நிலையம் 1974 ஜூலையில் துருக்கிப் படை இறங்கியபோது மூடியது. இன்றும் இரு தரப்புக்கும் நடுவே ஐ.நா. காவலில் இருக்கும் இடைப்பகுதிக்குள் கிடக்கிறது. அங்கே சைப்ரஸ் ஏர்வேஸின் டிரைடென்ட் ஒன்று அப்போதிலிருந்து நிற்பது ஊரறிந்த சேதி. அதனால் இது கண்டுபிடிப்பு இல்லை, விடை தெரிந்த கணக்கை நம் முறையில் போட்டுப் பார்ப்பதுதான். இறக்கை பின்னால் சாய்ந்தது, ஆகவே உடலுக்குக் குறுக்காக முனையிலிருந்து முனைக்கு நேர்கோடு. நீளம் மூக்கிலிருந்து வால் வரை. வகுத்தால் 1.16. வால் பக்கம் மூன்று எஞ்சினும் சேர்ந்து இருக்கும் இடம் தடித்துத் தெரிந்தது. விடை சரி.

அந்த இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். தேதிப் பட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினேன். சுற்றிலும் புல் காய்ந்து மறுபடி பச்சையாகிறது, வெயிலுக்கு ஏற்ப நிழல் இடம் மாறுகிறது. விமானம் மட்டும் அதே கோணத்தில், அதே இடத்தில். இயங்கும் விமான நிலையத்தில் இரண்டு தேதிப் படத்தில் ஒரே விமானம் ஒரே அங்குலத்தில் நிற்பது அபூர்வம். கைவிட்டுப் போனதைக் காட்டிக்கொடுப்பது அதன் உருவத்தைவிட அது நகராமல் இருப்பதுதான் என்பது அப்போது உறைத்தது. அதற்கப்புறம் எங்கள் வேலையே மாறியது. ஒரு படத்தில் விமானம் போலத் தெரிந்தால் பட்டியலில் சேர்ப்பதில்லை. குறைந்தது ஐந்து தேதியில் அசையாமல் நிற்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. வெவ்வேறு தேதிப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது. சில மீட்டர் வரை நகர்ந்து உட்காரும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை மட்டும் நம்பினால் நிற்கும் விமானம் நகர்ந்ததாகத் தோன்றும். ஒவ்வொரு படத்திலும் ஓடுபாதையின் ஒரு மூலையைக் கல்லாக வைத்து, அங்கிருந்து விமானத்தின் மூக்குக்கு எவ்வளவு தூரம், என்ன திசை என்று எடுத்தேன். நிலம் அளக்கும்போது எல்லைக் கல்லிலிருந்து இழுப்பது போலத்தான்.

அடுத்தது கிரெனடா. எனக்கு மிகவும் பிடித்த இடம். கரீபியன் தீவு, வடகிழக்குக் கரையில் கிரென்வில் ஊரை ஒட்டி பேர்ல்ஸ் என்ற பழைய விமானத்தளம். 1983 அக்டோபர் 25 அன்று அமெரிக்கப் படை அந்தத் தீவில் இறங்கியபோது பேர்ல்ஸையும் பிடித்தது. அப்போது அங்கே நின்றிருந்த கியூபாவின் ஆன்-26 ஒன்றும், ஆன்-2 என்ற இரட்டை இறக்கை விமானம் ஒன்றும் திரும்பிப் போகவே இல்லை. மறு வருடம் தீவின் தெற்கு முனையில் பெரிய விமான நிலையம் திறந்ததும் பேர்ல்ஸ் ஓய்ந்துபோனது. இன்று அந்த ஓடுபாதையில் கார்ப் பந்தயம் விடுகிறார்கள், ஓரத்தில் ஆடு மாடு மேய்கிறது.

பையனுக்கு விமானத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஓடுபாதையை மட்டும் காட்டி, தேடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஓரத்துப் புல்லில் பெரியதைப் பிடித்துவிட்டான். இறக்கையின் ஒரு பக்கம் செடியோடு கலந்து தெளிவில்லாமல் இருந்தது. ஆகவே உடலின் நடுக்கோட்டிலிருந்து தெளிவான முனை வரை அளந்து இரட்டித்தோம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் எதற்கும் இந்த வழி நன்றாக உதவும். வகுத்தால் 0.8 சொச்சம் வந்தது. அவன் கணினிப் பட்டியல் ஆன்-26 என்று காட்டியது. அவன் கைதட்டிய சத்தம் கேட்டு அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஆன்-2 கஷ்டப்படுத்தியது. மேல் இறக்கை 18 மீட்டர்தான், கீழ் இறக்கை அதைவிடச் சின்னது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் மேலிருந்து பார்த்தால் குழப்பமாகத் தெரியும். அதை உறுதி செய்ய ஏழு தேதிப் படம் தேவைப்பட்டது.

தப்பு செய்ததையும் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், கரீபியனிலேயே இன்னொரு தீவின் விமான நிலையம். ஓடுபாதைக்குத் தள்ளி, துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் ஒரு விமானம். எட்டுத் தேதியில் அசையவில்லை. நீளம் 20 மீட்டர், இறக்கை 14. விகிதம் 1.4. எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை. இறக்கை முனை உடைந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று வாரம் அதன் பின்னால் அலைந்தேன்.

கடைசியில் நிழல்தான் உண்மையைச் சொன்னது. பக்கத்தில் ஒரு சரக்குக் கன்டெய்னர் நின்றது. தீவுகளில் கன்டெய்னர் இல்லாத இடமே இல்லை, அது நமக்கு இலவசமாகக் கிடைத்த அளவுகோல். 40 அடிக் கன்டெய்னர் உலகம் முழுக்க 12.2 மீட்டர் நீளம், வழக்கமான உயரம் 2.59 மீட்டர். ஒரே படத்தில் சூரியன் ஒன்றுதான், ஆகவே நிழலுக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் ஒன்றுதான். கன்டெய்னர் நிழல் 1.3 மீட்டர், விமானத்தின் வால் நிழல் 2.5 மீட்டர். கணக்குப் போட்டால் வால் உயரம் 5 மீட்டர்தான். 20 மீட்டர் நீளத்துக்கு அது குட்டையோ என்று சந்தேகம் வந்தது. அப்புறம்தான் அடியில் இருந்த வட்டக் கான்கிரீட்டையும் அதைச் சுற்றியிருந்த கரியையும் சரியாகப் பார்த்தேன். தீயணைப்பு வீரர்கள் கொளுத்தி அணைத்துப் பழகுவதற்காக இரும்பில் செய்த பொம்மை விமானம் அது. பல விமான நிலையங்களில் இப்படி ஒன்று உண்டு. இதுவும் நகராது, துருப்பிடிக்கும், ஓரமாகத்தான் இருக்கும். தேடுகிறவர்கள் விமானத்தைப் பார்க்கும் முன் அதன் அடித்தரையைப் பாருங்கள். கருகிய வட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெள்ளை மேல் வெள்ளை இன்னொரு தொல்லை. பசிபிக் தீவுகளில் பல போர்க்கால ஓடுபாதைகளைப் பவளக்கல்லை நொறுக்கிப் பரப்பித்தான் போட்டார்கள். அதன்மேல் வெள்ளி நிற விமானம் கரைந்துபோகும். இதற்கும் சேலத்தில் பழகினோம். நம் ஊர் மாக்னசைட் சுரங்கம் வானத்திலிருந்து சுண்ணாம்பு கொட்டியது போலத் தெரியும். அதன் பழைய படங்களில் லாரிகளைத் தேடச் சொன்னேன். வெளிர் நிற லாரியின் உடம்பு தெரியாது, பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டை மட்டும் தெரியும். அது நிழல். தேடும் பொருளை விட்டுவிட்டு நிழலைத் தேடக் கண் பழகிவிட்டால் பவளத்தரையும் பிடிபடும்.

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களையும் முயன்று பார்த்தோம். அதில் ஒரு புள்ளி 10 மீட்டர். 29 மீட்டர் இறக்கை மூன்று புள்ளிக்குள் முடிந்துவிடும், எந்த விமானம் என்று சொல்லவே முடியாது. ஆனால் ஐந்து நாளைக்கு ஒருமுறை புதுப் படம் வரும். கரும் தளத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எந்த மாதம் வந்தது, எந்த மாதம் மறைந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. அதில் ஏற்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் கத்தினான்: "மாமா, இங்க வாங்க, வானவில் ப்ளேன்!" சேர்வராயன் மலைக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று புள்ளி வரிசையாக. செயற்கைக்கோள் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் தனித்தனியாகப் படம் எடுக்கிறது. பறக்கும் விமானம் அதற்குள் நகர்ந்துவிடுவதால் நிறங்கள் பிரிந்து விழுகின்றன. நிற்கும் விமானத்துக்கு நிறம் பிரியாது. நகராமையைச் சோதிக்க ஒற்றைப் படத்திலேயே ஒரு வழி கிடைத்தது.

நடுவில் ஒரு நஷ்டம். ஏற்காட்டில் இடியோடு கரண்ட் போனது, என் மடிக்கணினியின் பேட்டரி செத்து வெகு நாளாகிறது. அணைந்து மறுபடி போட்டபோது அன்று குறித்த 40 இடமும் இல்லை. நிரலை முறையாக மூடினால்தான் குறிப்புகள் சேமிப்பாகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இப்போது பத்து இடம் குறித்ததும் தனிக் கோப்பாக எடுத்து பென் டிரைவில் போட்டுவிடுகிறோம்.

தண்ணீருக்குள் கிடப்பதும் உண்டு. பஹாமாவில் நார்மன்ஸ் கே தீவு, ஓடுபாதைக்கு அருகே ஆழமில்லாத கடலில் சி-46 கமாண்டோ என்ற பழைய சரக்கு விமானம் ஒன்று. அந்தத் தீவைக் கொலம்பியப் போதைமருந்துக் கும்பல் தன் தளமாக வைத்திருந்த காலத்தில், 1980இல் விழுந்தது. அலை இல்லாத, வெயில் பளபளக்காத நாளில் எடுத்த படத்தில்தான் அது தெரிகிறது. படத்துக்குப் படம் உருவம் குறைந்துகொண்டே வருவதையும் பார்க்கலாம்.

எங்கள் முறை தோற்றது சாலமன் தீவுகளின் பலாலே தீவில். சின்னத் தீவு, நடுவில் ஓடுபாதை, இரு பக்கமும் காடு. ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அந்த மரங்களுக்கு அடியில் இன்றும் கிடக்கின்றன. இலைப் போர்வைக்கு மேலிருந்து பார்த்தால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த ஓடுபாதையைப் போட 1942 இறுதியில் ஜப்பானியர்கள் கொண்டுபோனது சிங்கப்பூரில் சிறைபிடித்த பிரிட்டிஷ் பீரங்கிப் படையினரை. 517 பேர். ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. அதைப் படித்த பிறகு அன்று நாங்கள் எதையும் அளக்கவில்லை. ஓடுபாதையின் மூலையில் ஒரு குறி வைத்து, அந்த எண்ணை மட்டும் எழுதிவைத்தான் பையன்.

இப்போது எங்கள் கோப்பில் உறுதியானவை 23, சந்தேகத்தில் இருப்பவை அதைவிட அதிகம். தொடங்க நினைப்பவர்கள் நேராகத் தீவுக்குப் போகாமல் உளுந்தூர்பேட்டையிலிருந்தோ செட்டிநாட்டிலிருந்தோ ஆரம்பிக்கலாம். இரண்டு இடத்திலும் போர்க்கால ஓடுபாதையின் தடம் மேலிருந்து இன்றும் தெரியும். பழைய ஓடுபாதை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். பிறகு காமலாபுரத்தில் ஏ.டி.ஆரை நாலு முறை அளந்து பாருங்கள்.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து போன். "மாமா, பேர்ல்ஸுக்குப் புதுப் படம் ஏத்தியிருக்காங்க."

"மூலையிலிருந்து அளந்தியாடா?"

"அளந்துட்டேனுங்க. அதே தூரம்தான். பக்கத்துல நாலு மாடு நிக்குது."